உன் பெயரில் ஒரு கையெழுத்து கேட்டார்கள்

என் செல்லத் தங்கை வனிதாவுக்கு,

என்னடி, போன இடத்திலாவது ஃபைல்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? இங்கே உன் வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். பூச்சிமருந்துக் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அரசு விதிகளையும், ஒரு ஆவணத்தை யார் திருத்தலாம், யார் ஒப்புதல் போடலாம் என்பதையும் சொல்லித் தருகிறேன். உன் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவளைப் போய்ப் பயிற்சியாளர் ஆக்கியிருக்கிறார்கள். தற்காலிகமாகத்தான். நிரந்தர ஆர்டர் மேனேஜர் கையில் இருக்கிறது.

சேலையூர் வீட்டில் எல்லாரும் நலம். அம்மா உன் போனை அணைக்க விடவில்லை, சார்ஜ் போடுவது என் பொறுப்பு. யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்டேன். "லோன் வேணுமான்னு கேக்குறவங்க கூப்பிடுறாங்கல்ல, அவங்களாவது கூப்பிடட்டும்" என்றாள்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டார். "சாந்தி, வனிதா லாகின் இன்னும் ஆக்டிவாதான் இருக்கு. களைக்கொல்லி லேபிள் ஒண்ணு அப்ரூவலுக்கு நிக்குது. பாஸ்வேர்டு மாத்தினா ஓடிபி அவங்க போனுக்குத்தான் வரும். நாளைக்கு அதை எடுத்துட்டு வாங்களேன்."

"சார், அவ இல்லையே."

"இருந்தா போட்டிருப்பாங்கல்ல? வேற ஆளுக்கு அதிகாரம் வாங்குறதுக்குள்ள சீசன் போயிடும். உங்க ஆர்டரையும் இந்த வாரமே முடிச்சிடலாம்."

நீ இருந்தால் போட்டிருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும் மறுநாள் போனைப் பையில் போட்டுக்கொண்டு மறைமலை நகர் பஸ் ஏறினேன். கொடுக்கலாம் என்றுதான் எடுத்துப்போனேன், உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

காலையில் வகுப்பு இருந்தது. நீ வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். மருந்து உடம்புக்குள் போன ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் கையில் அந்த டப்பா மட்டும்தான் இருக்கும், டாக்டர் அந்த லேபிளைப் பார்த்துத்தான் விஷமுறிவு மருந்து கொடுப்பார், அதனால் ஒப்புதல் போடுகிறவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று.

நஸ்ரின் என்று புதிதாகச் சேர்ந்த பெண் கை தூக்கினாள். "மேடம், ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டா அவங்க லாகினை என்ன பண்ணுவாங்க?"

"அன்னைக்கே மூடிடணும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பை என் காலடியில் இருந்தது.

எப்படி மூடுவது என்று காட்டுங்களேன் என்றார்கள். எல்லாரும் திரையில் பார்க்க, உன் கணக்கை மூடச் சொல்லி கம்ப்யூட்டர் பிரிவுக்கு மெயில் அடித்தேன். அவர்களும் என்றைக்கும் இல்லாத வேகத்தில் மூடிவிட்டார்கள். பெயர்ப் பட்டியலில் நீ சாம்பல் நிறமாக மாறினாய்.

"அவங்க முன்னாடி போட்ட கையெழுத்தெல்லாம் அழிஞ்சிடுமா மேடம்?" என்றாள் நஸ்ரின்.

"அழியாதும்மா. அதெல்லாம் அவங்க பேர்லயே இருக்கும். புதுசா போடத்தான் முடியாது."

அப்போது பைக்குள் உன் போன் அதிர்ந்தது. சாயங்காலம் பஸ் பெருங்களத்தூரில் நின்றபோதுதான் எடுத்துப் பார்த்தேன். "வனிதா, உங்கள் கணக்கு மூடப்பட்டது" என்று கம்பெனியிலிருந்து செய்தி. நீ போன அன்று ஆஸ்பத்திரியில்கூட அழாதவள் அங்கே அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி நல்லவேளையாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவசரப்பட்டுட்டீங்களே சாந்தி" என்று மட்டும் சொன்னார் மேனேஜர். அந்த லேபிள் இன்னும் நிற்கிறது. என் ஆர்டரும் நிற்கிறது. வந்தால் வரட்டும்.

அம்மாவிடம் இதைச் சொல்லலாமா? தெரியவில்லை. முடிவு செய்கிறவரை போனுக்குச் சார்ஜ் போடுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், வனிதா. என் பெயரில் போட வேண்டியதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுவேன். நீ படிக்காத எதிலும் உன் பெயர் வராது.

வீட்டில் மட்டும் உனக்கு மூத்தவளாக இருந்த,
உன் அக்கா சாந்தி