காகத்துக்குச் சோறு வைத்த விளையாட்டு

பலெர்மோ,
பங்குனி முதல் கிழமை.

அன்பு மகன் கஜானனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறுக்கிக்கொள்ளும், அது உனக்குத் தெரிந்த பழைய கதைதான். உன் சுகத்தை நல்லூரானும் மலைக் கோயிலில் இருக்கிற சாந்தா ரொசலியா மாதாவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் கதைக்காமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இந்த வீட்டுப் போனில் ஒரு ரகசியம் கதைக்க ஏலுமா தம்பி, எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டால் கீழ்வீட்டுப் பவளராணி வரைக்கும் கேட்கும், உன் மகள் கேசிகா எந்த அறையில் இருந்தாலும் காதை இங்கேதான் வைத்திருப்பாள். யோகராசா வருகிற கிழமை தன் தங்கச்சியைப் பார்க்க நீ வேலைக்குப் போயிருக்கிற பிறேமன் நகரத்துக்கு வருகிறார், சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரீன் தோடம்பழம் பிடுங்குகிற வேலை இந்த முறைக்கு முடியப்போகிறதாம், அவரிடம் வறுத்த மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டாலும் என் கையெழுத்தை வாத்தியார் மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவார், ஆனபடியால் வாசிக்க உனக்குக் கஷ்டம் இராது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ தைப்பொங்கல் முடிந்து விடிய வெள்ளனப் புறப்பட்டபோது பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று வீட்டில் எல்லாருமாகத்தான் முடிவெடுத்தோம், பயணம் போகிறவன் காதில் அழுகைச் சத்தம் விழக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம், அதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் எழும்பி வந்து, கதவடியில் உன் சப்பாத்து இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த முகத்தை நீ காணவில்லை. அன்று தொடக்கம் உன் போன் வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். தாயிடம் ஒரே ஒரு தரம் சொன்னாளாம், "அப்பா ஒரு போயிட்டு வாறன் கூடச் சொல்லேல்லை" என்று. கிருசாந்தினி தன் முதலாளியம்மா சின்யோறாவின் வீட்டு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, என் பக்கத்தில் இருந்து, "மாமி, கோடைக்கு அங்கை போய்ச் சேர வேணும் எண்டு இவர் வீடு பாக்கிறார், இவள் தேப்பனோடை வாய் திறக்காமல் என்னெண்டு ஒரு வீட்டிலை இருக்கப் போறாள்" என்று கண் கலங்கினாள். நீ ஆசையாக வாங்கி அனுப்பிய அந்த விளையாட்டுப் பெட்டியும் பிரிக்காமல் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தாள், காலால்கூட முட்டவில்லை.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் அப்பாவின் ஞாபகம் வந்தது. பல்லரோ சந்தைக்குப் பின்னால் நாங்கள் முதல்முதல் இருந்த அந்த அறை உனக்கு எவ்வளவு ஞாபகமோ தெரியாது, நீ அப்போது சின்னன். ஜன்னலைத் திறந்தால் மீன்காரர் கத்துகிற சத்தம் கட்டில் வரைக்கும் வரும். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் எங்கள் எல்லாருக்கும் வேலை லீவு, அந்த நேரம் பார்த்து ஊர்ச் சனம் முழுக்க எங்கள் அறைக்குத்தான் வரும், கட்டிலை மடக்கிச் சுவரோடு நிறுத்திவிட்டு நிலத்தில் பாய் போட்டு முந்நூற்றுநாலு சீட்டு விளையாடுவார்கள். நான் கணவாய்க் கறிச் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து ஒரு கை போடுவேன். துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் பிடிபடாது, அதற்காகவே என்னைக் கூட்டாளியாகக் கேட்டு அடிபடுவார்கள். பிறகு கிளறா சின்யோறாவைப் பார்க்கிற வேலைக்குப் போனபோது அந்த மனிசி தன் வாளும் கிண்ணமும் கீறிய சீட்டை எடுத்து எனக்குப் பிறிஸ்கொலா பழக்கினா, நாங்கள் துரும்பு என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், கொஞ்ச நாளில் அவவையே வெல்லத் தொடங்கினேன், இது பெருமைக்குச் சொல்வதில்லை, உண்மை.

அந்த அறையில்தான் உன் அப்பாவும் சீட்டுக்கு வருகிற கோபாலசிங்கத்தாரும் ஒரு நாள் சண்டை பிடித்துக்கொண்டார்கள், நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். இனிச் சீட்டைத் தொடவும் மாட்டேன், அவனோடு கதைக்கவும் மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். கோபாலசிங்கத்தார் ஞாயிறு தவறாமல் வருவார், அப்பா ஜன்னலடியில் நின்று சந்தையைப் பார்ப்பார், இருவருக்கும் நடுவில் என் தேத்தண்ணித் தட்டு மட்டும் போய் வரும். ஒரு நாள் கோபாலசிங்கத்தார் ஒவ்வொரு சீட்டையும் பிழையாக இறக்கத் தொடங்கினார், பால்குடிப் பிள்ளைகூட அப்படி இறக்காது. அப்பா ஜன்னலை விட்டு மெல்ல மெல்லப் பின்வாங்கி அவருடைய தோளுக்குப் பின்னால் வந்து நின்றார், நின்றவர் பொறுக்கேலாமல், "எடேய் விசரா, துரும்பாலை வெட்டன்ரா" என்று கத்திப்போட்டார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் பாய் கிழிந்தது. அவர் வேண்டுமென்று பிழையாக இறக்கினாரோ உண்மையிலேயே தெரியாமல் இறக்கினாரோ என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒருவர் பிழையாக விளையாட, பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தி இருக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஏலாது, அது மட்டும் எனக்கு அன்றே விளங்கிவிட்டது. கேசிகாவும் உன் அப்பா இராஜதுரையின் பேத்திதானே.

ஆகவே ஒரு சனிக்கிழமை கிருசாந்தினியைக் கொண்டு பெட்டியைப் பிரித்து ரீவியில் கொழுவுவித்தேன். பேத்தி தன் மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் செய்கிறாள், நான் சோபாவில் அந்தக் கறுப்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். தம்பி, நான் இதெல்லாம் சுடுகிற, வெட்டுகிற, காது வெடிக்கிற விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. கடலுக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு, வீடெல்லாம் தீப்பெட்டி அளவு, முயலும் முள்ளம்பன்றியும் ஆமையும் ஆளுக்கொரு தொப்பி போட்டுக்கொண்டு திரிகின்றன. மழை வந்தால் குடை பிடிக்கின்றன. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் முள்ளம்பன்றி கொட்டாவி விட்டுக் கல்லில் சாய்ந்துவிடுகிறது. நிலம் கட்டம் கட்டமாக இருக்கிறது, எங்கள் ஆட்களை ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டால் பிறகு மற்றப் பக்கம் நகர்த்தும், சீட்டு மாதிரியே முறை வைத்துத்தான். நான் எவ்வளவு நேரம் யோசித்தாலும் அது காத்துக்கொண்டு நிற்கிறது, கெதியாய் கெதியாய் என்று விரட்டுவதில்லை. பஸ்காரன் நிற்க மாட்டான், குவெஸ்தூறாப் பொலிஸ் நிலையத்தில் இங்கே இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற ஜன்னலில் இருக்கிறவனும் நிற்க மாட்டான், ஒரு கிழவிக்காகக் காத்திருக்கிற சாமானை நான் இந்த ஊரில் இப்போதுதான் கண்டேன்.

மற்றப் பக்கம் யார் என்றால், கோட்டுப் போட்ட காகங்கள். இவர்களுடைய விளக்குகளைத் தூக்கிக்கொண்டு போக வருகின்றனவாம். எனக்கு அது எங்கே தெரியும், எழுத்தெல்லாம் இத்தாலியனில் ஓடி மறைகிறது. காகத்தைக் கண்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அப்பாவின் திவசத்துக்குப் பல்கனியில் சோறு வைத்துத் தொண்டை வறளக் கூப்பிட்டேன், புறாதான் வந்து தின்றுவிட்டுப் போனது, இங்கே பார், கூப்பிடாமலே வந்து நிற்கிறது. ஆமையின் கையில் ஒரு கூழ்ப்பானை இருந்தது, நான் ஆமையை மெல்ல மெல்ல நகர்த்தி அந்தக் காகத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய்ப் பானையை இறக்கி வைத்தேன். காகம் பானையையும் தூக்கி, ஆமையையும் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. மிச்ச ஆட்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்கள். அடுத்த காகத்துக்கு நான் முயலிடம் இருந்த பாண் துண்டைக் கொடுக்கப் போக, பின்னால் கதிரை இழுபடுகிற சத்தம். "மம்மா மியா அப்பம்மா, உதென்ன செய்யிறியள்? அது எதிரி! காகத்துக்குச் சோறு வைக்க இதென்ன அப்பப்பான்ரை திவசமே?" என்று கத்திக்கொண்டு வந்து கைப்பிடியைப் பறித்தாளே! கோபாலசிங்கத்தாரைப் போல வேண்டுமென்று பிழை விடுவதற்குத்தான் நான் ஆயத்தமாக இருந்தேன், அதற்கு அவசியமே வரவில்லை, உண்மையாகவே பிழை விட்டுவிட்டேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே, நான் தந்திரம் செய்தேன் என்று நீ மட்டும் நினைத்துக்கொண்டிரு.

அதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் இரண்டு பேருக்கும் இதுதான் வேலை. அவள் நகர்த்துவாள், நான் பக்கத்தில் இருந்து சொல்லுவேன். நான் எப்போதும் முதலில் கிணற்றைப் பிடி, அரிசியைச் சேர், பின்பக்கம் ஒரு பாதையைத் திறந்து வை என்பேன், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவளுக்கு வேறு என்ன புத்தி வரும். "அப்பம்மா, நீங்கள் சண்டை பிடிக்கேல்லை, குடும்பம் நடத்திறியள்" என்று நக்கலடிக்கிறாள். ஆனால் மூன்றாம் தீவில் என் கிணறுதான் எங்களைக் காப்பாற்றியது, அதை அவளும் ஒத்துக்கொண்டாள். காகத்தை அடித்தாலும் அது சாகிறதில்லை, தும்மிவிட்டுப் பறந்துவிடுகிறது, அதனால் நானும் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நீயும் சின்னனில் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு, என் மடியில் இருந்து என் சீட்டைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்க என்ன துரும்பு என்று சொல்லுவாய், அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார், மடி சுடச்சுட வெறுமையாக இருக்கும். அந்தச் சூட்டை இந்தப் பிள்ளை சாய்ந்து இருக்கும்போது திரும்ப உணர்ந்தேன்.

இனித்தான் நான் கடிதம் எழுத வந்த காரணம். அந்த ஆட்களுக்கு நாங்களே பெயர் வைக்கலாம். ஆமைக்கு என் பெயரை வைத்துவிட்டாள், முள்ளம்பன்றி கிருசாந்தினி, காலையில் எழும்பினால் அது முறைக்குமாம். தோணி விடுகிற நீர்நாய் ஒன்று இருக்கிறது, ஆட்களுக்குள் பலசாலி அதுதான், ஆனால் அதை ஒரு நாளும் வெளியில் விடுகிறாள் இல்லை, விளக்கு வீட்டுக்குள்ளேயே இருத்தி வைத்திருக்கிறாள். நாலாம் தீவுக்குத் தோணி இல்லாமல் போக ஏலாது, ஆனபடியால் அதே கரையில் நின்றுகொண்டு திரும்பத் திரும்பத் தோற்கிறோம். ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்க எழும்பிய நேரம் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரீவிக்குக் கிட்டப் போய் அந்த நீர்நாயின் தலைக்கு மேலே இருந்ததை எழுத்துக் கூட்டினேன். மருந்துப் பெட்டியும் பஸ் பெயரும் வாசித்துப் பழகிய இத்தாலியன் எழுத்துத்தான். ஏ, பீ, பீ, ஏ. அப்பா. அவள் வந்ததும் ஒன்றும் தெரியாதவள் போல, இவர் ஏன் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று கேட்டேன். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "வெளியிலை விட்டால் காகம் தூக்கிக்கொண்டு போய் வேறை தீவிலை விட்டிடும் அப்பம்மா" என்றாள். நான் குசினிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தேன்.

நேற்று அவளாகவே ஒன்று சொன்னாள். வேறு வீட்டில் இருந்துகொண்டும் ஒரு ஆள் இந்த விளையாட்டுக்குள் வரலாமாம், வந்தால் நீர்நாயை அந்த ஆளே தன் கையால் விடலாமாம், கதைக்கிறதும் இங்கே கேட்குமாம். யார் வருவார் என்று கேட்டேன், "ஆர் வந்தாலும் எனக்கென்ன" என்று தோளைக் குலுக்கினாள். கொஞ்சம் பொறுத்து, "பிறேமனிலை இப்ப என்ன நேரம்?" என்றாள். இங்கே எத்தனை மணியோ அங்கேயும் அத்தனை மணிதான் பிள்ளை என்றேன். நம்பாமல் தாயின் போனில் தேடிப் பார்த்தாள், பார்த்துவிட்டு, "அப்ப அவ்வளவு தூரம் இல்லை" என்று தனக்குள்ளே சொன்னாள். நீ உனக்கும் அதே பெட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறாய் என்று கிருசாந்தினி என்னிடம் சொல்லிவிட்டாள், அதற்காக அவளோடு கோபிக்காதே. ஆகவே யோகராசா வந்துவிட்டுப் போன அடுத்த ஞாயிறு, நாங்கள் சோறு தின்று முடித்த நேரம், நீ உள்ளே வா. வந்ததும் பள்ளிக்கூடம் எப்படி, அம்மாவுக்கு உதவி செய்கிறாயா என்று விசாரணை வைக்காதே. மன்னிப்பு என்று பெரிய கதையும் கதைக்காதே, அவளுக்கு வெட்கமாகிவிடும். வேண்டுமென்று தோற்றுக் கொடுக்காதே, கண்டுபிடித்துவிடுவாள். சின்ன வயதில் செய்ததுபோல வந்த வேகத்தில் துரும்பை வீசி எறிகிற பழக்கத்தையும் விட்டுவிடு, அவள் எங்கே தோணியைக் கொண்டுவரச் சொல்கிறாளோ அங்கே கொண்டுபோ. நான் சாந்தா ரொசலியாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், நீங்கள் இருவரும் கதைத்துவிட்டால் இந்த முழங்காலோடு மலைக்கு நடந்து ஏறுகிறேன் என்று.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைச் சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் நின்றவனுக்கு அந்தக் காற்று புதிது. தூளை ஈரக் கரண்டியால் அள்ளாதே. யோகராசா தரும் மண்டரீனில் தோல் தளர்ந்ததை முதலில் தின். நீ நல்லாய் இருக்க வேண்டும், உன் வேலையும் உன் வீடும் கூடி வர வேண்டும், அப்பா மேலே இருந்து பார்த்துக்கொள்வார்.

ஒன்றை மட்டும் மறக்காதே மோனை. விளையாடி முடிந்ததும் பெட்டியைப் படக்கென்று நிறுத்திவிடாதே. "போயிட்டு வாறன் பிள்ளை" என்று வாயைத் திறந்து சொல். சொல்லிவிட்டு நில். அவள் "ஓம் அப்பா" என்று சொல்ல நேரம் எடுப்பாள், எவ்வளவு நேரம் எடுத்தாலும் நில். அந்த விளையாட்டே கிழவி எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

இப்படிக்கு
உன் அம்மா
இ. குகனேஸ்வரி