வீடு பார்க்க வருகிறவர்கள்

மார்ச் 3, திங்கள்
வீட்டுக்காரர் போன் செய்தார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஒன்றரை மடங்காம். "கடைத்தெரு பக்கத்துல இதுவே கம்மிம்மா. முடியலன்னா மாசக் கடைசில காலி பண்ணிடுங்க." முடியாது என்றேன். வேறென்ன சொல்ல? சம்பளத்தை முழுசாகக் கொடுத்தாலும் போதாதே.

மார்ச் 5
நகரத்துக்கு வெளியே அறை மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் முதல் பஸ்ஸே ஐந்தே முக்காலுக்குத்தான். நான் அலுவலக கேன்டீனில் ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டியவள். வீடு போனால் வேலையும் போகும். அப்புறம்? இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

மார்ச் 8, சனி
வருகிறவர்களுக்கு வீட்டை நான்தான் சுற்றிக் காட்ட வேண்டுமாம். நல்ல கதை! இன்று ஒரு கணவன் மனைவி. கூரை ஒழுகும், லிஃப்ட் பாதி நாள் ஓடாது, கீழே ஜெனரேட்டர் சத்தம் காதைக் கிழிக்கும் என்று அளந்துவிட்டேன். ஒழுகல் மட்டும் பாதி உண்மை. "வேற பாப்போம்" என்று படியிலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஆள் கிடைக்காவிட்டால் வீட்டுக்காரர் இறங்கி வரத்தானே வேண்டும்?

மார்ச் 13
இன்னும் மூன்று பேர். மூன்று பேரும் ஓட்டம்.

மார்ச் 16, ஞாயிறு
ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். நான் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டாள். "இன்னும் ஏதாவது இருக்காக்கா?" என்று வேறு கேட்டாள். கரப்பான்பூச்சியையும் சேர்த்தேன். பயந்துவிட்டாள், பாவம்.

மார்ச் 18
பாவமா? பாவி! அந்தத் தாளைக் காட்டியே பேரம் பேசியிருக்கிறாள். வந்தவர்கள் எல்லாரும் ஓடியதில் வீட்டுக்காரரும் ஆடிப்போயிருக்கிறார். நான் இப்போது கொடுப்பதைவிடக் குறைந்த வாடகைக்கு முடிந்துவிட்டது. அட்வான்ஸும் வாங்கிவிட்டார்.

"அதுக்கு நானே இருந்திருப்பேனே!" என்று போனில் கத்தினேன்.

"நீங்க ஏழு வருஷத்துல ஒரு குறையும் சொன்னதில்லையேம்மா."

நல்ல பேர் எடுக்கத்தானே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்? சொந்தக் காசிலேயே சூனியம் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 23
அந்த மலிவு அறையை இன்னும் போய்ப் பார்க்கவில்லை. கால் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 29, சனி
அவள் சாமான் இறக்க வந்தாள். என் மூட்டைகளைப் பார்த்துவிட்டு எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். அடுப்பு, பஸ், அளந்த பொய் எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள்.

"எனக்கும் அஞ்சு மணிக்குத்தான்க்கா வேலை. அதான் விடாம புடிச்சேன். சின்ன ரூம்ல இருந்துக்கோங்க, பாதி வாடகை குடுங்க. ஆனா நான் ஒத்த ஆளுன்னு சொல்லித்தான் வாங்கியிருக்கேன். அவர் கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு
வீட்டுக்காரர் ஒழுகலைப் பார்க்க வந்தார். என் துணிமணியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, எதிர் மருந்துக்கடை ஓரமாக ஒரு மணி நேரம் நின்றேன். இத்தனை வருஷமும் அவர் வந்தால் டீ போட்டுக் கொடுத்தவள் நான். வெட்கமாகத்தான் இருந்தது. நாளைக்கு ஐந்து மணிக்கு நடந்தே வேலைக்குப் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் கார் போனதும் மேலே ஏறினேன். சாவி கையிலேயே இருந்தது. ஆனாலும் மணியை அடித்துவிட்டு, அவள் திறக்கும்வரை வெளியில் நின்றேன்.