யார் சொன்ன பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கால்வீக்கம் வடிந்ததா?

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் நோயாளிகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து போனிலேயே பாடமும் கேள்விகளும் அனுப்புகிறோம். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் அனுப்பிய லாரிக்காரர் ஒருவர், மூக்கில் ரத்தம் ஒழுக வந்து நின்றார்.

"மறந்துட்டேன்னு மறுநாள் ரெண்டா போட்டேம்மா. பாடத்தையெல்லாம் வீட்டுக்காரிதான் பாத்து பதில் அனுப்பினா."

இப்போது தேறிவிட்டார், பயப்படாதீர்கள். நான் சும்மா இருக்கவில்லை. டாக்டர் முணுமுணுத்தும் விடாமல் பாடத்தை மாற்றினேன். இனி மாத்திரை போடுபவரே வாயால் பதில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.

நீங்கள் சாப்பிடுவதும் அதே மாத்திரைதான். போன தடவை உங்கள் பதில்கள் ஒரே நிமிடத்தில் வந்தன. அது அம்மாவின் விரல் என்று எனக்குத் தெரியாதா? புதுப் பாடம் அனுப்பியிருக்கிறேன். வேலைக்கு நேரமாகிறது.

பதில் தப்பானாலும் திருத்திக்கொள்ளலாம் அப்பா, குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

உங்கள் மகள்