கள்ளுக்கடைப் படியில் பெண்கள்

1937 மார்ச் 14, ஞாயிறு. கிள்ளான், மலாயா.

தோட்டத்துக் கள்ளுக்கடையைக் கொளுத்தினால்தான் நம் சனம் திருந்தும் என்று சங்கத்தில் கத்திய முத்தையா, இன்று சாயங்காலம் மண்ணெண்ணெய் டின்னோடு கிளம்பிவிட்டான். தடுக்கலாமென்று பின்னாலேயே ஓடினேன். கடைப்படியை அடைத்துக்கொண்டு அவன் அக்கா பாக்கியமும் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ எரிச்சா தொர வேற கடை கட்டுவான்டா. எங்களத் தாண்டி எவன் உள்ள போறான்னு பாப்போம்" என்றாள் பாக்கியம்.

குடிக்க வந்தவர்கள் தங்கள் மனைவிமாரைக் கண்டதும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். முத்தையா என்னிடம் டின்னைக் கொடுத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

துரை சும்மா விடமாட்டார். பாக்கியத்துக்கு வேலை போய்விட்டால்... அவளோ நாளையும் உட்காரப் போகிறாளாம்.

அந்த டின் எண்ணெயில்தான் நான் இதை எழுதும் விளக்கு எரிகிறது.