ரோபோ வகுப்பின் முதல் நான்கு படிகளை நீக்க வேண்டாமெனக் கோரும் மனு

அனுப்புநர்
டேல் ஹெய்க்கினென்,
பனி அகற்றும் வண்டி ஓட்டுநர், மாவட்டச் சாலைத் துறை,
ஆல்டர் க்ரீக் சாலை, கோல்டர் பே, மிச்சிகன்.

பெறுநர்
திரு. வெர்னன் ஸ்கோக்லண்ட் அவர்கள்,
தலைவர், பொது நூலக வாரியம்,
கோல்டர் பே.

பொருள்: தொடக்க நிலை ரோபோ வகுப்பின் பன்னிரண்டு படிகளில் முதல் நான்கை நீக்கும் முடிவைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வாரியத்தின் அறிவிப்பு, நாள் 4 டிசம்பர் 2023.
2. அக்டோபர் மாதம் நூலகப் புகார்ப் பெட்டியில் போடப்பட்ட, கையொப்பமில்லாத கடிதம்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டவன். அதையும் ஓராண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டு முடித்தவன். இம்மனுவின் பிழைகளை என் மகள் மார்னி (வயது 12) திருத்தித் தந்தாள். எஞ்சியுள்ள பிழைகள், அவள் பள்ளிக்குப் போன பிறகு நான் சேர்த்தவை.

2. ஜனவரி 13 அன்று தொடங்கும் வகுப்பில் முதல் நான்கு படிகள் இருக்காது, புதியவர்களுக்கு முதல் நாளே சக்கரம் வைத்த ரோபோ தரப்படும் என்று பார்வை 1இல் கண்டேன். ரோபோவே இல்லாத படிகளில் தன் பிள்ளை சலித்துப்போவதாகப் பெற்றோர் ஒருவர் எழுதிய பார்வை 2 கடிதமே காரணம் என்றும், ஜனவரி 8 கூட்டத்தில் இது உறுதி செய்யப்படும் என்றும் அதில் உள்ளது.

3. அந்த நான்கு படிகளில் ரோபோ இல்லை என்பது உண்மைதான். முதல் படியில் ஒருவர் ரோபோவாக நிற்பார். இன்னொருவர் சொல்லச் சொல்ல, சொன்னதை மட்டும் செய்து, பனிக்கால பூட்ஸை அணிய வேண்டும். இவ்வகுப்பில் படிக்கும் மார்னி வீட்டில் என்னை நிறுத்தி வைத்து, "பூட்ஸ மாட்டு" என்றாள். கையில் மாட்டிக்கொண்டேன். "அப்பா! கால்ல!" என்றாள். வலது காலுக்குரியதை இடது காலில் நுழைத்தேன். என் மனைவி ஜோலீன், "இந்த ரோபோவோட நான் பதினாறு வருஷமா மல்லுக்கட்டுறேன், நீ இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்க" என்றாள். பூட்ஸ் சரியாகக் காலேறுவதற்குள் மார்னி முப்பத்தோரு கட்டளைகள் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் படியில் அந்தக் கட்டளைகளைச் சீட்டுகளில் எழுதி வரிசைப்படுத்துவார்கள். மூன்றாம் படி இரண்டு வாரம். ஒளியை அளக்கும் சிறு சென்சாரை எடுத்துக்கொண்டு நடந்து, கறுப்புப் பட்டை மீதும் வெள்ளைத் தாள் மீதும் அது காட்டும் எண்ணை இடம் மாற்றி மாற்றிக் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான்காம் படியில் ஒரு மோட்டாரைப் பிரித்து, அடுத்து வருபவருக்காக ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் குழியில் திருப்பி வைக்க வேண்டும்.

4. வகுப்பை நடத்தும் திருமதி லொரெய்ன் போட்ரி, கார்த் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் ரோபோக் கைகளைப் பழுது பார்த்தவர் என்பது தாங்கள் அறிந்ததே. அவர் வகுப்பில் தேர்வு கிடையாது. தவறினால் ஓர் அட்டையில் என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்து எதை மாற்றுவோம் என்று நான்கு வரி எழுதிப் பெயருடன் சுவரில் மாட்ட வேண்டும். அட்டை மாட்டாதவருக்கு அடுத்த படி இல்லை. தவறைப் பெருமையாகச் சுவரில் தொங்கவிடும் குழந்தைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நானெல்லாம் மதிப்பெண் அட்டையைக் கோழிக் கூண்டில் ஒளித்து வைத்தவன்.

5. பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டென்று அறிந்து நானும் சேர்ந்தேன். "பத்தொம்பது வருஷமா பனி வண்டி ஓட்டுறேன், இன்ஜினையே பிரிச்சு மாட்டியிருக்கேன், எனக்கெதுக்கு பூட்ஸ் பாடம்?" என்று கேட்டேன். திருமதி போட்ரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சரி டேல், அஞ்சாம் படிக்கே வாங்க. ஆனா அட்டை மட்டும் ஒரு கட்டா எடுத்துக்குங்க" என்றார். எங்களில் மூவர் அப்படித் தாண்டிக் குதித்தோம்.

6. டிசம்பர் 9, செயல் விளக்க நாள். தாங்களும் வந்திருந்தீர்கள். வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பின்பற்றி ரோபோக்கள் ஓட வேண்டும். வகுப்பறையில் ஒழுங்காக ஓடியவை அன்று நூலகக் கூடத்தில் ஒன்றுவிடாமல் திசை தப்பின. தங்கள் காலணியில் மோதியது என்னுடையது. அதற்கு இப்போது வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். நான் பேட்டரியை மாற்றினேன். பிறகு வண்டி ரேடியோவுக்குச் செய்வதுபோல் இரண்டு தட்டு தட்டினேன். மார்னி, "தட்டாதப்பா, பாவம், அதுக்குக் கண்ணு கூசுது" என்றாள்.

அவள் தன் ரோபோவைத் தொடவே இல்லை. சென்சாரை மட்டும் எடுத்துப் பலகை நெடுகப் பிடித்து எண்களைக் குறித்தாள். ஜன்னலோரம் பட்டையின் மேல் வெயில் பளபளக்க, வகுப்பறையில் வெள்ளைக்குக் காட்டிய எண்ணை அங்கே கறுப்பே காட்டியது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலான புதிய எண்ணைக் கணக்கிட்டு மாற்றினாள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ரோபோ கடைசி வரை ஓடியது. மூன்றாம் படியைக் கடந்த மற்ற குழந்தைகளும், யாரும் சொல்லாமலே, அதையே செய்தார்கள். தாண்டிக் குதித்த எங்கள் மூவரின் ரோபோக்களும் கடைசி வரை ஓடவில்லை.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று பிறகு பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆள் உயரப் பனிக்குவியல், அதன் மேல் காலை வெயில். அன்று விடியலில் நூலக வாகன நிறுத்தத்தைச் சுத்தம் செய்து அதை அங்கே குவித்தவன் நான்.

7. இனி சொல்லித்தான் ஆக வேண்டும். பார்வை 2இல் உள்ள கடிதத்தை எழுதியவனும் நானே. தாளைத் திருப்பிப் பாருங்கள். நான் வண்டி ஓட்டும் 14ஆம் எண் பனி வழித்தடப் பட்டியலும், காபிக் கோப்பையின் வட்டமும் இருக்கும். அந்த வாரம் உணவு அறையில் கூட்டாளிகள், "உன் பொண்ணு ரோபோ செய்யுறாளாமே, எங்க காட்டு" என்றார்கள். என்னிடம் இருந்தது மூன்றாம் படியில் அவள் குறித்த எண்கள் நிறைந்த ஒரு தாள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மார்னியின் சலிப்பு என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அவள் சலிப்பதாக ஒருநாளும் சொன்னதில்லை. சனிக்கிழமை திருமதி போட்ரியின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று கையெழுத்தும் போடவில்லை.

8. ஆகவே, அக்கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஒருவனின் வெட்கத்தை நம்பி, புதிதாகப் பெயர் கொடுத்துள்ள இருபத்திரண்டு பேரிடமிருந்து அந்த நான்கு படிகளைப் பறித்துவிட வேண்டாம் என்றும், ஜனவரி 8 கூட்டத்தில் இம்மனுவை உரக்கப் படிக்கச் செய்து முடிவை மாற்ற வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திருமதி போட்ரியும் அங்கே இருப்பார் என்பது தெரிந்தே கேட்கிறேன். இம்முறை கையெழுத்து இருக்கிறது.

இடம்: கோல்டர் பே
நாள்: 18 டிசம்பர் 2023

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) டேல் ஹெய்க்கினென்

இணைப்பு: சுவரில் மாட்டுவதற்கான அட்டை ஒன்று. அதில் உள்ளபடி:

நினைத்தது: முதல் நான்கு படிகளில் ஒன்றுமே இல்லை.
நடந்தது: ரோபோ தலைவரின் காலணிக்குப் போனது.
ஏன்: ஓட்டியவன் அந்த நான்கு படிகளில் ஏறவில்லை.
அடுத்து மாற்றுவது: ஜனவரி 13, காலை பத்து மணி, முதல் படி. அந்தப் படி அன்றும் இருந்தால், பூட்ஸோடு வருகிறேன். – டேல்.