அக்கரைப் பாறையில் உன் சிவப்புச் சேலை

ஆற்றுக்கு அந்தாண்டை வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்காவுக்கு,

உன் தம்பி வானத்தில் பறந்துவிட்டு வந்திருக்கிறான். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்க வேண்டியிருப்பதால் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறாள்.

ஆடிக்கு ஒகேனக்கல்லில் ஹெலிகாப்டர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அருவியை மேலிருந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்களாம். என் மகன் முருகன் என்னைக் கேட்காமலே எங்கள் இருவருக்கும் சீட்டு வாங்கிவிட்டான். "காலமெல்லாம் கீழ இருந்தே பாத்துட்டீங்க, ஒருவாட்டி மேல இருந்து பாருங்கப்பா" என்றான். அவனுக்குத்தான் ஆசை, பேர் எனக்கு.

எனக்கு அருவி நினைப்பே இல்லை. உன் வீட்டுக்குக் கீழே இருக்கும் பாறைதான் கண்ணில் நின்றது. அந்தக் காலத்தில் வெள்ளம் வந்து பரிசலை நிறுத்திவிட்டால் உன் கல்யாணச் சேலையை அதன்மேல் விரித்துவிடுவாய். செக்கச் சிவப்பு. நான் இந்தக் கரையில் என் வேட்டியை விரிப்பேன். நீயும் நன்றாக இருக்கிறாய், நானும் நன்றாக இருக்கிறேன். அவ்வளவுதான் சேதி. அதைப் பார்த்த பிறகுதான் நம் அம்மா சோற்றில் கை வைப்பாள்.

இப்போது நடுத்திட்டில் மரங்கள் வளர்ந்து பாறையை மறைத்துவிட்டன. நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் அங்கே வரவும் இல்லை. பரிசலில் குந்த முழங்கால் மடங்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, நீ இல்லாத கரையில் எனக்கு இனி யார் இருக்கிறார்கள் என்ற பயம்தான்.

பறக்கப் போகிறேன் என்று உன் மகள் மாதம்மாவுக்கு முந்தின நாள் போன் போட்டுச் சொன்னேன். "பாறையில ஏதாச்சும் விரிச்சு வை தாயி" என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது சேதியா?

ஏறுமிடத்தில் ஒரு பெண் வந்து, "தாத்தா, வலது பக்கம் உக்காந்தா அருவி நல்லாத் தெரியும். இடது பக்கம் அக்கரைக் காடுதான். எந்தப் பக்கம் வேணுங்க?" என்றாள்.

"காட்டுப் பக்கம்."

முருகன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்ப்பா, கெடா வெட்டுக்குப் போயி தயிர்சோறு கேப்பீங்களா?"

"நீ அருவியப் பாருடா. நான் உங்க அத்தை வூட்டப் பாக்கறேன்."

அவனே என் கையைப் பிடித்து இடது பக்க ஜன்னலோரம் உட்கார வைத்தான்.

காதில் பெரிய மூடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். தரை கீழே போனது. வயிறு கொஞ்சம் பின்தங்கி வந்து சேர்ந்தது. வலது பக்கம் சாய்ந்து திரும்பியபோது அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஆகா ஆகா என்றார்கள். என் ஜன்னலில் வெறும் வானம். ஒரே ஒரு சுற்றுத்தானே, இப்படியே முடிந்துவிடுமோ என்று ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டேன்.

அப்புறம் நிமிர்ந்தது. ஆறு வந்தது, திட்டு வந்தது, மரங்கள் போயின. பாறை வந்தது அக்கா. பாறையே தெரியவில்லை. மஞ்சள், பச்சை, ஊதா என்று ஒரு தெருவின் சேலை முழுக்க அதன்மேல் கிடந்தது. காற்றில் பறக்காமல் இருக்க முனைக்கு ஒருத்தியாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நட்டநடுவில் உன் சிவப்பு.

"அக்கா" என்று கத்திவிட்டேன். அந்த மூடி வழியாக எல்லோர் காதிலும் கேட்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சேலத்து அம்மா ஒருவர், "எங்கீங்க உங்க அக்கா?" என்றார்.

"கீழீங்க. அந்தச் செவப்புச் சீலை."

அருவியை விட்டுவிட்டு அத்தனை பேரும் என் ஜன்னலை எட்டிப் பார்த்தார்கள். முருகனுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயில் என்றான்.

இறங்கியதும் மாதம்மா போன், அக்கரைக் கன்னடம் கலந்து. "நோடித்ரா மாமா, பாத்தீங்களா? ஒத்தச் சீலை மேல இருந்து தெரியுமோ தெரியாதோன்னு ஊரையே விரிச்சுட்டோம்."

"பாத்தேன் தாயி. அருவியத்தான் பாக்கல."

"அது எங்க போயிடும்? நீங்க எப்ப வரீங்க?"

முழங்காலைச் சொன்னேன். "பரிசல்ல பிளாஸ்டிக் சேர் போடச் சொல்றேன், ராசா மாதிரி வாங்க" என்கிறாள். செல்வி இதை எழுதும்போது, "சேரோட ஆத்துல உழுந்துடாதீங்க மாமா" என்கிறாள்.

நீ இருக்குமிடத்திலிருந்து இதெல்லாம் தெரிகிறதா? எனக்கு ஒரு சுற்று, உனக்கு எந்நேரமும் ஜன்னல் சீட்டு.

வெள்ளம் வடியட்டும், வருகிறேன். வேட்டியைத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. இந்த முறை உன் சேலைக்குப் பக்கத்திலேயே, அதே பாறையில் விரிப்பேன்.

இக்கரையில் நன்றாக இருக்கும்,
உன் தம்பி சின்னசாமி