கண்டென்சரும் உங்கள் அண்ணனும்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். அவளுடைய இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடிதம் போன வாரமே வந்தது. வேன் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிடு, ரொட்டி கொண்டுபோகும் வேலையை இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. கோபப்படுவதென்றால் முழுக் கடிதத்தையும் படித்துவிட்டுப் படுங்கள்.

வேன் நடுவழியில் நான்கு முறை நின்றது உண்மை. இன்னொரு முறை ரொட்டி தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று பேக்கரிக்காரர் சொன்னதும் உண்மை. ஆனால் உங்கள் அண்ணன், "பொம்பள ஓட்டினா அப்படித்தான். எங்கிட்ட ஒரு நாளாவது நின்னுருக்கா?" என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படி நிற்கும்? வாசலிலிருந்து தெருமுனை பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்குள் இஞ்சினில் சூடே ஏறியிருக்காது.

எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். ஒவ்வொரு முறையும் கிளம்பி இருபது நிமிடம் கழித்துத்தான் நிற்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் இழுத்துப் போவதற்குள் ஆறிவிடும். அவர் சோதித்தால் எல்லாம் சரி. கண்டென்சராக இருக்குமோ என்று கேட்டேன். "அது சர்வீஸ்ல புதுசு போட்டு ஒரு மாசம்தான் ஆகுது. அதுல கை வைக்காதீங்க" என்றார். வண்டி நிற்க ஆரம்பித்தும் ஒரு மாதம்தான் ஆகிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

கண்டென்சர் என்பது கட்டைவிரல் அளவு தகரக் குப்பி. இஞ்சின் சுற்றும்போது பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச் திறந்து திறந்து மூடும். திறக்கிற நொடியில் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். குதிக்கவிடாமல் அதைத் தனக்குள் வாங்கிக்கொள்வதுதான் கண்டென்சரின் வேலை. அப்போதுதான் பொறிக்கு அழுத்தம் கூட்டும் காயிலில் மின்சாரம் சட்டென்று அறுந்து பிளக்கில் நல்ல பொறி விழும். இல்லையென்றால் பொறி பாயிண்டிலேயே விழுந்து அதைத் தீய்த்துவிடும், பிளக்குக்கு மிச்சம் போகாது. நம் புதுக் கண்டென்சருக்குச் சூடு ஏறினால் உள்ளுக்குள் இணைப்பு விட்டுப்போனது. ஆறினால் மறுபடி யோக்கியன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் சாவி வாங்க வந்தார். "தர்றேன். நான் போற ரூட்ட ஒரு தடவ முழுசா ஓட்டிக் காட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார். பாலத்து ஏற்றத்தில் நின்றது வண்டி. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. கார்புரேட்டரைத் திட்டினார், பெட்ரோலைத் திட்டினார், பஸ் டிரைவரையும் விடவில்லை. நான் பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு அவரை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னேன். பாயிண்டில் பொறி பளிச் பளிச்சென்று பறந்தது. கண்டென்சரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு கிழட்டு வண்டியிலிருந்து கழற்றி வாங்கிய கண்டென்சரைப் பையில் வைத்திருந்தேன். ஒரு ஸ்குரூ, ஒரு வயர். நான் மாற்றினேன், அவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கியவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். தீய்ந்த பாயிண்டையும் மறுநாள் மாற்றிவிட்டேன். இன்றோடு ஐந்து நாள், ஒருமுறைகூட நிற்கவில்லை.

பாலத்தில் வண்டியைச் சரிசெய்தது தான்தான் என்று அவர் உங்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதட்டும். என் வருத்தம் அவர்மேல் இல்லை. நான்கு முறையும் நடுரோட்டில் ரொட்டித் தட்டுகளோடு நின்றவள் நான். என்ன ஆயிற்று என்று என்னிடம் ஒரு வரி கேட்காமல், நேராகச் சாவியைக் கொடு என்று எழுதிவிட்டீர்கள். கடிதம் வந்த அன்று முழுக்க அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதிலை எனக்கு எழுதுங்கள், அண்ணனுக்கு அல்ல. அதில் முதல் வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வேனை ஓட்டும்
உங்கள் மனைவி